இரண்டாம் எண் வாத்து

காலையில் கண் விழித்ததும் தங்கப்பழத்துக்கு முதல் வேலை, மேலேயிருந்து விழுகிற முட்டைகளைப் பிடிப்பது.

செவ்வாயில் கோழி வளர்க்கிற எல்லாரும் செய்கிற வேலைதான். பூமியில் இரண்டு கிலோ நிற்கிற கோழி அங்கே முக்கால் கிலோதான் நிற்கும். தன் கனம் குறைந்துபோனதைத் தெரிந்துகொண்ட கோழி எதுவும் அப்புறம் தரையை மதிப்பதில்லை. நாற்பதடி உயரத்தில், காற்று அடைத்த குமிழின் உச்சியில் ஓடும் காற்றுக்குழாய்மேல் போய் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். முட்டையையும் அங்கேயே இட்டுவிடும். முட்டை நிதானமாகத்தான் கிளம்பும். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் முகத்துக்கு நேரே வந்துவிடும்.

அதனால் தங்கப்பழம் மல்லாந்து படுத்து, நீளக் கைப்பிடி வைத்த வலையை நெஞ்சின்மேல் சாய்த்துக்கொண்டு, நான்கு கோழிகளின் பின்பக்கங்களையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படியே ஒரு மணி நேரம் போகும். நான்கும் வலையில் விழுந்ததும் எழுந்து தீவன டப்பாவைக் கரண்டியால் தட்டுவார். கோழிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே, குடை விரித்த மாதிரி இறங்கும்.

முட்டைகளைத் துடைத்து வரிசையாக வைத்து, கைத்திரையில் ஒரு படம் எடுத்து, ஆறாம் குமிழில் இருக்கும் மகன் செல்வினுக்கு அனுப்புவார். செல்வின் ஒரு கட்டைவிரலை அனுப்புவான். படத்துக்கும் விரலுக்கும் நடுவே நாலு நொடிதான் ஆகும். அன்றைக்கு அப்பாவும் பிள்ளையும் பேச வேண்டியதெல்லாம் அதோடு முடிந்தது.

இந்த ஊருக்குப் புதுத்தேரி என்று பெயர். முதல் கப்பலில் வந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். கண்ணாடி வழியாகச் செம்மண்ணைப் பார்த்த ஒருவர், "இதுக்கா எட்டு மாசம் வந்தோம்? உடன்குடி பஸ்ல ஏறியிருந்தா அரை மணி நேரத்துல இதே செம்மணல் தேரியைப் பாத்திருக்கலாமே" என்றாராம். பெயர் அப்படியே நின்றுவிட்டது. தங்கப்பழம் அந்த ஊரின் காற்றுக்குழாய்த் திருகுகளை முப்பது வருஷம் பழுதுபார்த்தவர். ஓய்வு பெற்றபோது எல்லாருக்கும் கொடுப்பதுபோல் அவருக்கும் ஓர் உறங்கறையும், அதன் பின்பக்கம் ஒரு பறவைக் குமிழும், நான்கு கோழிகளும், ஒரு ஜோடி வாத்தும் கொடுத்தார்கள். முட்டை பொதுச் சமையலுக்கு. பொழுது அவருக்கு.

பறவைகளை எப்படிக் குடிவைப்பது என்பதற்கு நூற்றிருபது விதிகள் இருந்தன. எல்லாம் நியாயமான விதிகள். வாத்து தண்ணீரை இறைக்கும், கோழிக்கு ஈரம் ஆகாது. ஆகவே கூட்டைத் தடுத்து, வாத்துப் பக்கம் தண்ணீர் வடிகிற பலகைத் தரையும், கோழிப் பக்கம் காய்ந்த உமியும் இருக்க வேண்டும். கோழிக்கு ஏறி உறங்கக் கட்டை வேண்டும். தங்கப்பழம் ஏழு கட்டைகள் அடித்து வைத்திருந்தார். நான்கு கோழிகளும் மேலே குழாயில்தான் தூங்கின. விதி கட்டைகளைத்தான் எண்ணும் என்பதால் குறை ஒன்றுமில்லை. குளிர் தாக்கக்கூடாது. பதினான்கு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். முக்கியமாக, பறவை நெஞ்சு மென்மையானது என்பதால் வடிகட்டியிலிருந்து வருகிற முதல் காற்று கூட்டுக்குப் போய், அங்கிருந்து வெளியேறுகிற இரண்டாம் காற்றுதான் மனிதர் அறைக்கு வரும். புதுத்தேரியில் எந்த வீட்டிலும் கதவைத் திறந்தால் லேசாகக் கோழி வாடை அடிக்கும். அதைத்தான் அங்கே வீட்டு வாசனை என்பார்கள்.

மனிதர்களைக் குடிவைப்பதற்கு இருந்தவை ஒன்பது விதிகள். தங்கப்பழத்தின் மனைவி பொன்னுத்தாய் இறந்த பதினாறாம் நாள், அறைச்சுவர் தானாக மூன்றடி உள்ளே நகர்ந்தது. ஓராளுக்கு அவ்வளவுதான் அளவு. சுவர் நகர்ந்து முடித்ததும், "தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்" என்று ஒரு குரல் சொன்னது. ஆறடிக்கு ஏழடி. கையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் தட்டும்.

அன்றைக்குத்தான் அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வாத்துக் கூட்டுக்குக் குடிபோனார். கேட்டால், அங்கே காற்று நல்லது என்பார். கேட்கத்தான் ஆளில்லை.

வாத்துகளில் பெட்டை ராசாத்தி, ஆண் துரை. துரைக்குக் குரல் கட்டையானது. தொண்டையில் சளி கட்டியவர் மாதிரி எப்போதாவது ஒரு கமறல் கமறும். ராசாத்தி அதற்கும் சேர்த்துப் பேசும். தங்கப்பழம் காலைக் கஞ்சி குடிக்கும்போது அவையும் தவிட்டைப் பிசைந்து தின்னும். அவர் பழைய தண்ணீர்த் தொட்டியில் இறங்கிக் கால் நனைக்கும்போது அவையும் இறங்கும். ராத்திரி அவர் முதுகுப் பக்கம் ராசாத்தி, கால்பக்கம் துரை. இப்படி ஒரு வருஷம் போயிற்று. செவ்வாய் வருஷம், பூமிக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு.

பிறகு ஒரு நாள் துரை எழுந்திருக்கவில்லை.

*

மூன்றாம் நாள் கூடுநோக்கி வந்தது. பறவைக் கூடுகளைச் சோதிக்கிற இயந்திரம் அது. பார்க்க மூன்று கால் முக்காலிமேல் ஒரு பித்தளைச் செம்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். செம்பில் ஒரு கண். பணிவாகப் பேசும்.

"வணக்கம் ஐயா. ஒன்றாம் எண் வாத்து இறந்ததாகப் பதிவு. வருந்துகிறோம். பறவை விதி எட்டின்படி, தன் இனத் துணை இல்லாமல் எந்தப் பறவையையும் தனியாகக் குடிவைத்தல் கொடுமை. முப்பது நாளுக்குள் துணை சேர்க்க வேண்டும்."

"கோழி நாலு இருக்கே."

"கோழிகள் மேலே இருக்கின்றன. வாத்து கீழே இருக்கிறது. அது துணை அல்ல, அக்கம்பக்கம்."

"அடுத்த கப்பல்லதான வாத்து வரும்? அதுக்குப் பதினாலு மாசம் கிடக்கே."

"ஆம் ஐயா. ஆகவே முப்பதாம் நாள் ராசாத்தியைப் பொதுப் பண்ணையில் சேர்த்துவிடுவோம். அங்கே அறுபது வாத்துகள் உள்ளன."

"நான் போய்ப் பாக்கலாமா?"

"நோய்த்தொற்று கருதி மனிதர்களுக்கு அனுமதி இல்லை." கூடுநோக்கி போகத் திரும்பி, ஏதோ நினைவு வந்ததுபோல் நின்றது. "தனிமையில் வாத்து உணவைக் குறைக்கும். வாசலைப் பார்த்து நின்று கத்தும். சில வாரங்களில் நோய்ப்படும். இது அறிவியல்."

தங்கப்பழத்துக்கு அந்த அறிவியல் தெரியும்.

பக்கத்துக் குமிழில் மிக்கேல் என்று ஒருவர் இருந்தார், அவரும் திருகு வேலை பார்த்து ஓய்ந்தவர். இரண்டு குமிழுக்கும் பொதுவாகப் போகிற காற்றுக்குழாயின் வலைமூடிக்கு அருகே வாயை வைத்தால் பேசலாம். இருவரும் முகம் பார்த்து இரண்டு வருஷமாயிற்று. குழாய் இருக்கும்போது எதற்குச் சுற்றிக்கொண்டு போவானேன் என்று இருந்துவிட்டார்கள்.

"ஒரு கண்ணாடியை மாட்டுமய்யா" என்றது குழாய். "வாத்துக்கு என்ன தெரியும்? ஜோடி வந்துட்டுன்னு நெனச்சுக்கும். எங்க வீட்டுக்காரி போனப்புறம் நானே அப்படித்தான சமாளிக்கேன்."

"என்னத்த, கண்ணாடியப் பாத்துப் பேசுதீரா?"

"பின்ன? நல்ல மனுசன். எதுத்துப் பேச மாட்டான்."

தங்கப்பழம் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கூட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார். ராசாத்தி பார்த்தது. தலையைச் சாய்த்தது, உள்ளே இருந்ததும் சாய்த்தது. அன்று முழுக்கக் கண்ணாடியோடு பேச்சு ஓயவில்லை. தவிட்டைக்கூட அதன் முன்னால் கொண்டுபோய்த்தான் தின்றது. இரண்டாம் நாள் சாயங்காலம், பேசிக்கொண்டே இருந்தது சட்டென்று நிறுத்தியது. மெதுவாகக் கண்ணாடியைச் சுற்றிப் பின்பக்கம் போயிற்று. அங்கே சுவரும் கொஞ்சம் தூசியும் இருந்தன. கொஞ்ச நேரம் தூசியையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு வந்து தங்கப்பழத்தின் காலடியில் உட்கார்ந்தது. அதற்கப்புறம் கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

கூடுநோக்கி வந்தபோது அவர் கண்ணாடியை எடுக்க மறந்திருந்தார். எடுக்க மனமில்லை என்றும் சொல்லலாம்.

"இரண்டு வாத்துகள் தெரிகின்றன" என்றது கூடுநோக்கி. அவருக்கு மூச்சு வந்தது. "ஆனால் இரண்டாவது வாத்துக்கு வாடை இல்லை. எச்சமும் இல்லை. ஐயா, விதி ஒன்பது: பிம்பம் துணை ஆகாது."

*

முப்பதாம் நாள் காலையில் கூடுநோக்கி காற்றோட்டத் துளை போட்ட பெட்டியோடு வந்து நின்றது. ராசாத்தி பெட்டியைப் பார்த்ததும் தங்கப்பழத்தின் கால்களுக்கு நடுவே புகுந்துகொண்டது.

அவர் வாயில் வந்ததைச் சொன்னார். "துணை இருக்கு."

"எங்கே ஐயா?"

"நாந்தான்."

மனிதராக இருந்தால் சிரித்திருப்பார். கூடுநோக்கி விதியைப் புரட்டியது. வாத்து என்றால் என்ன என்பதற்குச் சட்டத்தில் ஒரு விளக்கம் உண்டு. அதை எழுதிய குழுவில் ஒருவரும் வாத்தை நேரில் பார்த்தவரில்லை. ஆனாலும் கவனமாகத்தான் எழுதியிருந்தார்கள். இரண்டு காலில் நடக்கும். தண்ணீரில் இறங்கும். தரையில் உறங்கும். கூட்டத்தோடு உண்ணும். கூட்டத்திலிருந்து ஒன்று கூப்பிட்டால் மறுகுரல் கொடுக்கும். பிரித்தால் வாடும். முதலில் இறகு என்றும் ஒரு வரி இருந்தது. இறகு உதிர்காலத்தில் ஒரு வாத்தை அதிகாரி ஒருவர் வாத்தே இல்லை என்று எழுதிவிட, வழக்கு நடந்து, அந்த வரியை அடித்துவிட்டார்கள்.

"இறகு கட்டாயம் இல்லை" என்றது கூடுநோக்கி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "மூன்று நாள் கவனிப்பேன்."

மூலையில் உட்கார்ந்து கவனித்தது. தங்கப்பழம் புதிதாக எதையும் நடிக்கவில்லை, நடிக்கவும் தெரியாது. எப்போதும்போல் ராசாத்தி தின்னும்போது கஞ்சி குடித்தார். தொட்டியில் இறங்கினார். ராசாத்தி கூப்பிட்டால், "என்ன தாயி, இங்கனதான் இருக்கேன்" என்றார். இரவில் பாய்மேல் ஒருக்களித்துப் படுத்தார். முதுகுப் பக்கம் ராசாத்தி.

மூன்றாம் நாள் கூடுநோக்கி தன் முடிவைச் சொன்னது. "எல்லாம் பொருந்துகிறது. பிரித்தால் வாடும் என்பதற்கு மட்டும் சான்று தேவைப்பட்டது. உறங்கறையில் தாங்கள் தனியாக இருந்த பதினாறு நாளின் எடைக் குறிப்பு கிடைத்தது. ஐந்து கிலோ குறைந்திருக்கிறீர்கள். அதற்கு நோய்க்காரணம் எதுவும் பதிவாகவில்லை. இனி ராசாத்தி ஒன்றாம் எண், தாங்கள் இரண்டாம் எண்."

"கையெழுத்து எங்க போடணும்?"

"வாத்துகள் கையெழுத்திடுவதில்லை ஐயா."

பெட்டி வெறுமையாகத் திரும்பிப் போயிற்று. தங்கப்பழம் ராசாத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கூட்டைச் சுற்றி மூன்று சுற்று வந்தார். ஒரு சின்ன விஷயத்தை அவரும் யோசிக்கவில்லை, ராசாத்தியும் யோசிக்கவில்லை. கூடு என்று இருந்தால் அதற்குப் பேணுநர் ஒருவர் வேண்டும். பேணுநர் மனிதராக இருக்க வேண்டும். அந்தக் கூட்டில் இப்போது மனிதர் யாரும் இல்லை.

*

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குமிழ்க் கதவு திறந்தது. தங்கப்பழம் தொட்டியில் கால் நனைத்துக்கொண்டிருந்தார். வாசலில் செல்வின் நின்றான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது. கடைசியாக அவன் அந்த வாசலில் நின்றது பொன்னுத்தாய் காரியத்துக்கு. ஆறாம் குமிழிலிருந்து குழாய்வண்டியில் பதினெட்டு நிமிடம்.

"என்னப்பா இது? வாத்தா பதிஞ்சிருக்கிய?"

"ஏல, செல்வினா! வா வா. ரெண்டாம் நம்பர்தாம்ல. ஒண்ணாம் நம்பர் இவ."

"வெளையாடாதிய. என்னையப் பேணுநர்னு போட்டு ஆபீசுக்கு ஓலை வந்திருக்கு. தெனம் ரெண்டு வேளை நேர்ல வந்து பாக்கணுமாம், வேளைக்குக் கால் மணி நேரம். ஒரு வேளை தவறினாலும் உயிர்ப்பேணல்ல கொறைன்னு ஒரு கரும்புள்ளி வைப்பானாம். அதோட பதவி உயர்வு போச்சு. ஆபீஸ்ல எல்லாவனும் சிரிக்கான். ஒங்க வாத்துக்கு ஒடம்பு எப்படி இருக்குன்னு கேக்கான்."

"நீ என்ன சொன்ன?"

அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று செல்வினுக்கே தெரிந்திருக்கவில்லை.

கைத்திரையில் பேணுநர் செய்ய வேண்டியவை ஒவ்வொன்றாக வந்தன. அவன் வேகமாக முடித்துவிட்டு ஓடத்தான் பார்த்தான். தண்ணீர் மாற்றினான். தவிடு போட்டான். ராசாத்தியைத் தூக்கி எடை பார்த்தான். அது அவன் சட்டையில் தன் கருத்தைத் தெரிவித்தது. அடுத்தது இரண்டாம் எண்.

"பறவையைப் பதிவுப் பெயர் சொல்லி அழைக்கவும்" என்றது கைத்திரை.

"அப்பா" என்றான்.

"பெயர் பொருந்தவில்லை. மீண்டும் அழைக்கவும்."

"பேரச் சொல்லணுமாம்ப்பா."

"சொல்லேன். எங்கப்பா ஆசைப்பட்டு வச்ச பேருதான். கூப்பிட ஆளில்லாமத்தான் கிடக்கு."

செல்வின் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தான். கோழிகள் மேலேயிருந்து எட்டிப் பார்த்தன. "தங்கப்பழம்" என்றான், ரகசியம் சொல்வதுபோல.

"மறுமொழி இல்லை. மீண்டும் அழைக்கவும்."

தவறு தங்கப்பழத்தினுடையது. தொண்டை கமறிவிட்டது, செத்துப்போன துரைக்குக் கமறின மாதிரி.

"தங்கப்பழம்!"

"இருக்கேன்" என்றார்.

அடுத்தது, பாதங்களைப் பார்க்கவும். செல்வின் தொட்டி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, அப்பாவின் காலை எடுத்துத் தன் முட்டிமேல் வைத்தான். குதிகாலில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. உள்ளே சிவந்திருந்தது.

"இது எப்ப இருந்துப்பா?"

"போன வருசத்துல இருந்து."

"சொல்லக்கூடாதா?"

"முட்டைப் படத்துல அது தெரியாதுல்லா."

செல்வின் வாத்துக்குப் போடுகிற களிம்பை எடுத்துத் தடவினான். கால் மணி நேரம் முடிந்ததென்று கைத்திரை மணி அடித்தது. இன்னொரு காலும் பாக்கி இருந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் போனான்.

அப்படி முப்பத்திரண்டு நாள். காலை ஆறு, மாலை ஆறு. கால் மணி நேரம் சில நாள் அரை மணி நேரம் ஆயிற்று. கட்டைவிரல் சொல்லாத பல சங்கதிகளைத் தங்கப்பழம் தெரிந்துகொண்டார். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. மருமகளுக்கு இரண்டாம் காற்று ஒத்துக்கொள்ளாமல் இருமல். செல்வினுக்கு மேலதிகாரியைக் கண்டால் ஆகாது. ஒரு நாள் அவனும் கால்சட்டையை மடித்துவிட்டுத் தொட்டியில் இறங்கினான். ராசாத்தி அவன் முழங்காலைக் கொத்திப் பார்த்து, சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டது. தங்கப்பழம் ஐந்தரைக்கே தலையைச் சீவிக்கொண்டு தயாராகிவிடுவார். சீவ ஒன்றும் அதிகம் இல்லை. ஆனாலும் நேரம் ஆகும். எடை நாலு கிலோ ஏறிவிட்டது.

"கொரல் பலத்துட்டே, என்ன தீவனம்?" என்றது மிக்கேலின் குழாய்.

"புள்ள வாரான்" என்றார்.

"அந்த விதி எத்தனாம் நம்பர்?" என்று கேட்டது குழாய்.

*

முப்பத்து மூன்றாம் நாள் செல்வின் பெரிய பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் பூரிப்பு.

"அப்பா, இருக்கதுலேயே நல்லதாப் பாத்து வாங்கிட்டேன். இது தானா தெறக்கிற கூட்டுக் கதவு. இது தீவனம், இது தண்ணி, வேளா வேளைக்கு அதுவே வைக்கும். இந்தக் கண்ணு ஒங்க எடை, மூச்சு, கால் எல்லாம் பாத்துக்கும். இந்தக் கை களிம்பு போட்டுவிடும். சூடாக்கித்தான் போடும், ஜில்லுனு இருக்காது. இந்தப் பெட்டி என் குரல்லயே ஒங்களக் கூப்பிடும். கருவி பாத்தா நேர்ல வந்து பாத்ததுக்கு நிகர்னு சட்டத்துலேயே எடம் இருக்குப்பா. ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு, இத்தன நாளு எனக்குத் தெரியாமப் போச்சு."

"அப்ப நீ?"

"நான் எங்கருந்தாலும் பாத்துக்கிட்டேதான இருப்பேன்?"

தங்கப்பழம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். முப்பது வருஷம் திருகு பார்த்தவர். நல்ல வேலைப்பாடு தெரியும். "நல்லா இருக்குய்யா" என்றார்.

"நீங்க சந்தோசமா இருந்தாப் போதும்ப்பா." செல்வின் குனிந்து, வழக்கம்போல் காலை எடுக்கப் போனான். அதற்குள் சுவரிலிருந்து கை நீண்டு வந்து களிம்பு தடவ ஆரம்பித்தது. சூடாகத்தான் இருந்தது. அவன் பார்த்துத் திருப்தியாகி, எழுந்து கைகழுவிக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் கூடுநோக்கி வந்து எல்லாவற்றையும் சோதித்து, செல்வின் பெயருக்குச் சிறந்த பேணுநர் என்று ஒரு பட்டயத்தைக் கதவில் ஒட்டியது. தங்கப்பழம் கேட்டார்:

"ஏம்ப்பா, கண்ணாடி துணை ஆகாதுன்ன. இந்தக் குரல் பெட்டி மட்டும் எப்படி ஆளாகும்?"

"கண்ணாடி பற்றியது விதி ஒன்பது. கருவி நேருக்கு நிகர் என்பது விதி பதினொன்று."

"ரெண்டையும் ஒரே ஆளுகதான எழுதுனாவ?"

"ஆம் ஐயா. ஒன்பதாம் விதியை வாத்துகளை ஆராய்ந்தவர்கள் சொல்லக் கேட்டு எழுதினார்கள்." கூடுநோக்கியின் கண் ஒருமுறை மூடித் திறந்தது. "பதினொன்றாம் விதிக்கு யாரையும் கேட்கவில்லை. அது மனிதர்களைப் பற்றியது என்பதால், கேட்காமலே தமக்குத் தெரியும் என்று எழுதிவிட்டார்கள்."

அது போன பிறகு தங்கப்பழம் தலையைச் சீவிக்கொண்டார். மாலை ஆறு மணி ஆயிற்று. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"தங்கப்பழம்!" என்றது செல்வினின் குரல். அச்சு அசல் அவன் குரல். வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்த மூச்சிரைப்பைக்கூட விடாமல் பிடித்திருந்தார்கள்.

"இருக்கேன்" என்றார்.

பெட்டி மாட்டிய முதல் நாளே ராசாத்தி அந்தக் குரலுக்கு எழுந்து ஓடி, பெட்டியின் முன்னால் நின்று சத்தமாகப் பேசியது. இரண்டாம் நாள் பேசிக்கொண்டே இருந்தது சட்டென்று நிறுத்தி, பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தது. சுவர் இருந்தது. கொஞ்சம் ஒயர் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குரல் கேட்டாலும் அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு படுத்திருக்கும்.

தங்கப்பழத்துக்கு அந்தப் பெட்டியின் பின்பக்கம் நன்றாகத் தெரியும். அதைச் சுவரில் திருகி மாட்டிக் கொடுத்தவரே அவர்தான். ஆனாலும் ஐந்தரைக்கெல்லாம் எழுந்து தலையைச் சீவி, பெட்டிக்கு முன்னால் போய், காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்.